மச்சான் சொன்ன வெள்ளிப் பங்கு

கேள்வி: ஐயா, நான் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. மெக்சிகோவின் சகாதேகாஸ் மாநிலத்தில் வெள்ளி தேடும் ஒரு வான்கூவர் கம்பெனியின் பங்கை வாங்கச் சொல்லி என் மச்சான் (மனைவியின் அண்ணன்) இரண்டு மாதமாக நச்சரிக்கிறார். இப்போது 25 சென்ட்டுக்குப் புதுப் பங்கு கொடுக்கிறார்களாம். சந்தையில் 27 சென்ட். இரண்டு பங்குக்கு ஒரு வாரன்ட்டும் (பின்னால் குறித்த விலைக்குப் புதுப் பங்கு வாங்கும் உரிமை) உண்டு. "அங்கே 23 மில்லியன் அவுன்ஸ் இருக்கு. அவுன்ஸ் 50 டாலர் என்று வைத்தாலே கம்பெனி மதிப்பு 24 மடங்கு ஏறணும்" என்கிறார். என் கையில் 30,000 டாலர் இருக்கிறது. அடுத்த வருடம் வீட்டுக் கடனைப் புதுப்பிக்க வேண்டும். இதை டிஎஃப்எஸ்ஏ (கனடாவின் வரியில்லாச் சேமிப்பு) கணக்கில் போட்டால் வரி மிச்சம் என்றும் மச்சான் சொல்கிறார். கம்பெனியின் செய்தி அறிக்கை, விளக்கப் படங்கள், காலாண்டுக் கணக்கு மூன்றையும் இணைத்திருக்கிறேன். இந்த மாதிரித் திட்டத்தை எப்படி எடை போடுவது?

பதில்: மூன்றையும் படித்தேன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த கம்பெனிகள் வான்கூவரில் நிறைய உண்டு. நான் உரிமம் பெற்ற முதலீட்டு ஆலோசகன் இல்லை, பாறை பார்க்கிறவன். சகாதேகாஸிலும் துராங்கோவிலுமாகப் பன்னிரண்டு வருடம் துளையிட்டு எடுத்த கோர் (உருளையான பாறைத் தண்டு) பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். நேர் பதில் வேண்டுமென்றால்: இந்த 25 சென்ட் வெளியீட்டில் சேராதீர்கள். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

செய்தி அறிக்கையின் தலைப்பை எடுத்துக்கொள்வோம். "துளை 14: 12 மீட்டரில் டன்னுக்கு 120 கிராம் வெள்ளி சமானம், அதற்குள் 1.2 மீட்டரில் 855 கிராம்." வாசிக்கிறவர் மனதில் 12-உம் 855-உம் ஒட்டிக்கொள்ளும். கால்குலேட்டரை எடுங்கள். 12-ஐ 120-ஆல் பெருக்கினால் 1,440. 1.2-ஐ 855-ஆல் பெருக்கினால் 1,026. கழித்தால் 414. அதை மீதி 10.8 மீட்டருக்குப் பங்கு போட்டால் டன்னுக்கு 38 கிராம் வருகிறது. நிலத்தடிச் சுரங்கத்தில் 38 கிராமுக்காக யாரும் வெடி வைக்க மாட்டார்கள். ஒரு சொட்டு எண்ணெயை இழுத்துத் தோசைக்கல் முழுக்கத் தடவுவது போல, 1.2 மீட்டரின் சத்தை 12 மீட்டருக்குத் தடவியிருக்கிறார்கள். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. உள்ளே இருப்பதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்கள், பிரித்துப் படிப்பது நம் வேலை.

அதே அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் "உண்மை அகலம் இன்னும் தெரியவில்லை" என்று ஒரு வரி. முருங்கைக்காயை நேராக வெட்டினால் சின்ன வட்டம் கிடைக்கும், சாய்த்து வெட்டினால் நீளமான துண்டு. துளையும் அப்படித்தான் தாது நரம்பை (பாறைக்குள் ஓடும் தாதுப் பட்டையை) சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். அவர்களுடைய விளக்கப் படத்தில் ஒரு குறுக்குவெட்டு இருக்கிறது. அதில் துளையும் நரம்பும் சந்திக்கும் கோணத்தை அளந்து பார்த்தேன், சுமார் 30 டிகிரி. அப்படியானால் உண்மை அகலம் பாதிதான். 1.2 மீட்டர், 60 சென்டிமீட்டர் ஆகிவிட்டது.

அறுபது சென்டிமீட்டர் நரம்பைக் கேவலமாகப் பேச மாட்டேன். கொட்டகையில் கோரின் மேல் தண்ணீர் தெளித்தவுடன், வெள்ளைக் குவார்ட்ஸுக்கு நடுவே கறுப்புக் கோடு கோடாக எழும்பும். லென்ஸை வைத்துப் பார்த்தால் சில இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு பொறி. மெக்சிகோ சுரங்கக்காரர்கள் அதை ரோசிக்ளேர் என்பார்கள், வெள்ளியும் ஆன்டிமனியும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அதைப் பார்த்த அன்று சாப்பாடு இறங்காது. ஆனால் அந்த நரம்பை எடுக்க ஆள் உள்ளே நிற்க வேண்டும், துளை போட வேண்டும், உடைத்ததை வாரி வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு ஒன்றரை மீட்டர் அகலமாவது தேவை. 60 சென்டிமீட்டர் நல்ல சரக்கோடு 90 சென்டிமீட்டர் வெற்றுப் பாறையும் சேர்ந்தே வரும். அந்தப் பாறையில் இருக்கிற 38 கிராமையும் கலந்து கணக்குப் போட்டால் 855 கிராம் 365 ஆகிறது.

இனி அந்த "சமானம்" என்ற சொல். பின்னிணைப்பு அட்டவணைப்படி அந்த 1.2 மீட்டரில் உண்மையான வெள்ளி டன்னுக்கு 520 கிராம். மீதி 335 கிராம், வெள்ளியாக மாற்றிக் கணக்கிட்ட 4 சதவீத ஈயமும் 7 சதவீதத் துத்தநாகமும். மாற்றும்போது வெள்ளியை அவுன்ஸுக்கு 25 டாலர் என்று வைத்திருக்கிறார்கள். "பார், எவ்வளவு அடக்கமாக விலை போட்டிருக்கிறார்கள்" என்று உங்கள் மச்சான் பக்கத்தில் எழுதியிருக்கிறார். இங்கேதான் வேடிக்கை. ஒரு டன்னில் இருக்கிற 40 கிலோ ஈயத்துக்கும் 70 கிலோ துத்தநாகத்துக்கும் அவர்கள் போட்ட விலையில் ஏறக்குறைய 269 டாலர். வெள்ளியைக் குறைந்த விலைக்கு வைத்தால் அந்த 269 டாலருக்கு நிறைய கிராம் வெள்ளி "வாங்கலாம்". அதே பாறைக்கு வெள்ளியை 50 டாலர் என்று வைத்தால், 335 கிராம் பாதியாகி மொத்தம் 687 கிராம்தான் வரும். சமானக் கணக்கில் வெள்ளி விலையைக் குறைத்துப் போடுவது தலைப்பு எண்ணைப் பெரிதாக்கும். அடக்கம் என்று நினைத்தது அலங்காரம்.

இன்னொன்று, இந்தச் சமானத்தில் மூன்று உலோகமும் நூற்றுக்கு நூறு கிடைக்கும் என்று வைத்திருக்கிறார்கள். எந்த ஆலையிலும் அப்படிக் கிடைக்காது. கிடைத்த துத்தநாகத்துக்கும் உருக்காலை வழக்கமாக 85 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுத்துப் பணம் தரும், அதிலும் கூலி பிடித்துக்கொள்ளும். அந்தப் பாறையை அரைத்து, மிதக்கவிட்டு, எவ்வளவு வெள்ளி பிரிகிறது என்று சோதித்தார்களா என்று மூன்று ஆவணத்திலும் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. வெள்ளித் திட்டங்களில் இது ரொம்பப் பெரிய ஓட்டை. மாங்கனீசு கலந்த ஆக்சைடு தாதுவில் வெள்ளி கண்ணுக்கு நிறைய இருக்கும், அதைக் கரைத்தெடுக்கப் பயன்படும் சயனைடில் கரையாமல் பிடிவாதம் பிடிக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹெர்மோசா என்ற திட்டம் அப்படி மாங்கனீசு-வெள்ளியாகத்தான் பல வருடம் இழுபட்டது. அதற்குக் கீழே பெரிய துத்தநாக-ஈயப் படிவு அகப்பட்ட பிறகுதான் 2018-இல் சவுத்32 என்ற சுரங்கக் கம்பெனி அதை விலை கொடுத்து வாங்கியது.

சரி, மச்சானின் 23 மில்லியன் அவுன்ஸ் எங்கிருந்து வந்தது? விளக்கப் படத்தில் நரம்பு 600 மீட்டர் நீளம், 300 மீட்டர் ஆழம் என்று ஒரு நீல நிறப் பட்டை வரைந்திருக்கிறார்கள். அதை 12 மீட்டர் அகலத்தால் பெருக்கி, கன மீட்டருக்கு 2.8 டன் என்று வைத்து, டன்னுக்கு 120 கிராம் போட்டால் சரியாக 23 மில்லியன் அவுன்ஸ் வருகிறது. கணக்கில் தப்பில்லை, பெருக்கிய எண்களில்தான் தப்பு. அகலத்தை 60 சென்டிமீட்டராகவும் தரத்தை 855 ஆகவும் வைத்துப் போடுங்கள். 8 மில்லியன் அவுன்ஸ் சமானம், அதில் வெள்ளி மட்டும் 5 மில்லியன். வெற்றுப் பாறையோடு சேர்த்து வெளியே வருவது ஏழரை லட்சம் டன். நாளைக்கு 500 டன் அரைக்கும் சின்ன ஆலைக்கே நாலு வருடத் தீனிதான், அதுவும் அந்த 600 மீட்டரும் துளை 14 மாதிரியே இருந்தால். இருக்காது. நரம்பில் நல்ல சரக்கு திட்டுத் திட்டாகத்தான் கிடைக்கும். அவர்கள் இதுவரை போட்ட 19 துளையில் நாலில்தான் சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது.

(மச்சான் அமெரிக்க டாலரில் வெள்ளியையும் கனடா டாலரில் கம்பெனி மதிப்பையும் வைத்து வகுத்திருக்கிறார். அது போகட்டும்.)

தரையில் இருக்கிற உலோகத்தை விலையால் பெருக்கி மதிப்புச் சொல்வது எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். என் அப்பா கோலார் தங்கவயலில் மில்லில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது கீழே தங்கம் தீர்ந்துபோயிருக்கவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் அதை எடுக்கிற செலவு, விற்கிற விலையைத் தாண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். உங்கள் கம்பெனியிடம் இன்னும் கனடாவின் என்ஐ 43-101 விதிப்படியான (சுரங்கக் கம்பெனிகள் தங்கள் படிவைப் பற்றி எப்படிச் சொல்ல வேண்டும் என்ற விதி அது) வளக் கணக்கீடே இல்லை. அந்த விதியில் வளம் என்பதே இன்ஃபர்ட் (ஊகித்தது), இண்டிகேட்டட் (ஓரளவு உறுதியானது), மெஷர்ட் (நன்றாக அளந்தது) என்று மூன்று படி. எடுத்தால் லாபம் வரும் என்று ஆய்வு காட்டிய பிறகுதான் ரிசர்வ் என்ற சொல்லுக்கே உரிமை. இவர்கள் முதல் படிக்கும் வெளியே, வாசலில் நிற்கிறார்கள்.

அந்த விதி பிறந்த கதை கனடாவில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கும். கால்கரியின் பிரே-எக்ஸ் கம்பெனி, இந்தோனேசியாவின் புசாங்கில் உலகின் மிகப் பெரிய தங்கப் படிவு என்று சொன்னது. 1997-இல் எல்லாம் பொய் என்று வெளிவந்தது. அங்கே கோரை நீளவாக்கில் அறுத்துப் பாதியைப் பத்திரப்படுத்தாமல், முழுதையும் பொடித்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மறுபடி சரிபார்க்கக் கையில் எதுவும் இல்லை. உங்கள் கம்பெனி பாதிக் கோரை வைத்திருக்கிறது, படமும் போட்டிருக்கிறது. இந்த விஷயத்தில் அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நரம்பு வருகிற இடத்தில் கோர் நொறுங்கி, பெட்டியில் காலி இடம் தெரிகிறது. நூறு சென்டிமீட்டர் துளைத்து எழுபதுதான் மேலே வந்தது என்றால், காணாமல் போன முப்பதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கோர் எத்தனை சதவீதம் மீண்டது என்று கேளுங்கள். பதில் உடனே வரவேண்டும், அவர்கள் பெட்டிக்குப் பெட்டி எழுதி வைத்திருக்கிற எண் அது.

பாறையில் எனக்குப் பிடித்ததும் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். சகாதேகாஸ் பக்கத்து வெள்ளி நரம்புகள் சூடான நீர் மேலே ஏறி வந்து, ஓர் ஆழத்தில் கொதித்து, அங்கே வெள்ளியை இறக்கியதால் உண்டானவை. அந்தக் கொதிநிலைப் பட்டை சில நூறு மீட்டர் உயரம்தான். அதற்கு மேலே துளைத்தால் வெறும் குவார்ட்ஸும் களிமண்ணும், கீழே போனால் பொதுவாக வெள்ளி குறைந்து ஈயமும் துத்தநாகமும் கூடும். பட்டையின் மேல் நுனியில் இருந்தால் கீழே புதையல் பாக்கி, அடியில் இருந்தால் சாப்பாடு முடிந்து இலை எடுக்கிற நேரம். ஃப்ரெஸ்னியோ ஊருக்குப் பக்கத்து ஹுவானிசிபியோவில் நரம்பு தரைக்கு மேலே தலையே காட்டவில்லை. கீழே இருக்கும் என்று நம்பித் துளைத்தவர்கள் ஜெயித்தார்கள். உங்கள் கம்பெனியின் அட்டவணையை ஆழ வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். 110 மீட்டரில் துத்தநாகம் 2 சதவீதம், 190-இல் 4, துளை 14 வெட்டிய 260 மீட்டரில் 7. வெள்ளி அதே வரிசையில் 700, 610, 520. நாலு துளையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது தப்பு. ஆனாலும் இந்தப் போக்கு எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆழத்தில் இன்னும் நல்லதாகும் என்பதுதான் அவர்கள் விற்கிற கதை. அவர்கள் எண்களோ வேறு திசையில் நடக்கின்றன.

ஹுவானிசிபியோவை ஜெயித்த கதை என்றேன். எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? 2000-களின் தொடக்கத்தில் துளையிட்டார்கள், ஆலை ஓடியது 2023-இல். அங்கே 44 சதவீதம் வைத்திருந்த மேக் சில்வர் கம்பெனியை 2025-இல் பான் அமெரிக்கன் சில்வர் வாங்கியது. இத்தனைக்கும் பெரிய சுரங்கக் கம்பெனி கூட்டாளியாகப் பக்கத்திலேயே இருந்த திட்டம்.

இப்போது காசு. காலாண்டுக் கணக்கில் ரொக்கம் 14 லட்சம் டாலர். கடந்த பன்னிரண்டு மாதச் செலவு 52 லட்சம். மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். 25 சென்ட் வெளியீடு எதற்கு என்று புரிகிறதா? அந்த 52 லட்சத்தில் மண்ணுக்குள் போனது 23 லட்சம். மீதி 29 லட்சம் சம்பளம், ஆலோசனைக் கட்டணம், பயணம், "முதலீட்டாளர் விழிப்புணர்வு". பாறைக்குச் செலவழித்ததைவிட உங்கள் மச்சானைக் கண்டுபிடிக்க அதிகம் செலவழித்திருக்கிறார்கள் என்று சொன்னால் மிகைதான், ரொம்ப மிகை இல்லை. இன்றைக்கு 18 கோடி பங்கு, இதில் 2 கோடி சேரும். ஏற்கெனவே 40 சென்ட்டுக்கு மேல் விழித்துக்கொள்ளும் 5.5 கோடி வாரன்ட் உண்டு. பங்கு 40 சென்ட்டைத் தொட்டால் வாரன்ட்காரர்கள் பங்காக மாற்றி விற்பார்கள், அதுவே கூரையாகிவிடும். நீங்கள் வெளியீட்டில் வாங்கும் பங்கை நாலு மாதம் விற்கவும் முடியாது. அந்த நாலு மாதத்துக்குள் அடுத்த துளைகளின் முடிவு வந்துவிடும், நல்லதோ கெட்டதோ, நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நானும் இப்படி ஒன்றில் மாட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம். பாறை நன்றாக இருந்தது, நானே பார்த்த பாறை. ஐந்து வருடத்தில் ஆறு முறை புதுப் பங்கு வெளியிட்டு, கடைசியில் பத்துப் பங்கை ஒன்றாகச் சுருக்கினார்கள். படிவு அப்படியே இருக்கிறது, அதில் என் பங்குதான் கரைந்துபோயிற்று.

இடம், அரசியல். இதை மச்சான் ஒரு வரியில் "மெக்சிகோ வெள்ளி நாடு" என்று முடித்துவிட்டார். உலகத்தில் அதிகம் வெள்ளி எடுப்பது மெக்சிகோதான், சரி. ஆனால் 2023 மே மாதச் சட்டத்திருத்தம் புதுச் சுரங்க உரிமைகளை ஏல முறைக்கு மாற்றி, காலத்தை 50 வருடத்திலிருந்து 30 ஆக்கியது. 2025 முதல் சுரங்கச் சிறப்பு வரி 7.5 சதவீதத்திலிருந்து 8.5 ஆயிற்று. உங்கள் கம்பெனியின் உரிமைகள் பழையவை, அது நல்லதுதான். ஆனால் நிலம் ஊர்ப் பொதுவான எகீதோவுடையது, ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது என்று குறிப்பு 9-இல் இருக்கிறது. அந்த ஊர்க் கூட்டம் கைதூக்காவிட்டால் துளையிடும் இயந்திரம் வாசலைத் தாண்டாது.

இது சின்ன விஷயம் என்று தோன்றினால் அர்ஜென்டினாவின் நவிதாத்தைப் பாருங்கள். சுபுத் மாகாணத்தில், 600 மில்லியன் அவுன்ஸுக்கு மேல் வெள்ளி. உங்கள் மச்சானின் கற்பனைப் பட்டையைப் போல 25 மடங்கு, முறையாகத் துளையிட்டு அளந்தது. 2002 கடைசியில் கண்டுபிடித்தார்கள். அடுத்த மார்ச்சில் அதே மாகாணத்தின் எஸ்கெல் ஊர் வேறொரு தங்கச் சுரங்கத்துக்கு எதிராக வாக்களித்தது, 81 சதவீதம் "வேண்டாம்". அதே ஆண்டு திறந்தவெளிச் சுரங்கத்தையும் சயனைடையும் தடுத்து 5001-ஆம் சட்டம் வந்தது. இதற்கு நடுவில், முதலில் கண்டுபிடித்ததாகச் சொன்ன ஐஎம்ஏ கம்பெனி, இன்னொருவர் ரகசியமாகக் கொடுத்த தகவலைப் பயன்படுத்தியது என்று வான்கூவர் நீதிமன்றம் 2006-இல் தீர்ப்புச் சொல்லி, படிவையே அக்விலைன் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. ஐஎம்ஏ பங்கு வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் வேறொருவரின் வெள்ளிக்குப் பங்காளியாக இருந்ததைத் தெரிந்துகொண்டார்கள். பிறகு பான் அமெரிக்கன் அக்விலைனை வாங்கியது. 2021 டிசம்பரில் மாகாணச் சட்டசபை சுரங்கத்துக்கு வழிவிட்டது, தெருவில் கலவரம் வெடித்தது, ஒரு வாரத்துக்குள் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். குவாதமாலாவின் எஸ்கோபால் இதைவிடக் கொடுமை. அங்கே சுரங்கமும் ஆலையும் கட்டி முடித்து, உலகின் பெரிய வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, ஷிங்கா பழங்குடியினரைக் கலந்துபேசவில்லை என்ற வழக்கில் 2017-இல் நீதிமன்றம் நிறுத்தியது.

வெள்ளி விலை ஏறினால் எல்லாம் சரியாகும் என்பதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. 2011 ஏப்ரலில் 49 டாலர் வரை போனது, 2015 கடைசியில் 14-க்குக் கீழே இருந்தது. விலை ஏறும்போது இத்தகைய கம்பெனிகள் முதலில் செய்வது மேலும் பங்கு அச்சடிப்பது. வெள்ளி விலையில்தான் நம்பிக்கை என்றால் வெள்ளி இடிஎஃப் (வெள்ளி விலையோடு ஏறி இறங்கும், சந்தையில் வாங்கக்கூடிய நிதி) வாங்குங்கள், அதற்கு எகீதோவும் வேண்டாம், வாரன்ட்டும் வேண்டாம்.

டிஎஃப்எஸ்ஏ பற்றி: லாபம் வந்தால் வரி இல்லை, உண்மை. நஷ்டம் வந்தால் அதை வேறு லாபத்தில் கழிக்க முடியாது, போன பணத்தின் அளவுக்கு அந்தக் கணக்கில் மறுபடி பணம் போடும் இடமும் திரும்பி வராது. பத்தில் எட்டு ஒன்பது தோற்கிற வகைப் பங்கு என்பது என் அனுபவம். அதை அந்தக் கணக்கில் வைக்கவே கூடாது என்பேன். உங்கள் கணக்காளர் வேறு மாதிரிச் சொன்னால் அவரையே கேளுங்கள்.

30,000 டாலரை வீட்டுக் கடனுக்கு வையுங்கள். மச்சானின் மனம் நோகாமல் இருக்க ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயிரம் டாலருக்கு, சந்தையில், 27 சென்ட்டுக்கு வாங்குங்கள். இரண்டு சென்ட் கூடக் கொடுப்பது நாலு மாதப் பூட்டு இல்லாமல் இருப்பதற்கான விலை. அதற்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: நரம்பில் கோர் மீண்ட சதவீதம் என்ன, பிரித்தெடுக்கும் சோதனை எப்போது, எகீதோ ஒப்பந்தம் எந்த நிலையில். மூன்றே கேள்வி. ஒரு வாரத்தில் புவியியலாளர் யாராவது எண்ணோடு பதில் எழுதினால் எனக்கு அனுப்புங்கள், மறுபடி பார்க்கிறேன். விளம்பரப் பிரிவிலிருந்து "உற்சாகமான காலகட்டம்" என்று பதில் வந்தால் அதை மச்சானுக்கு அனுப்புங்கள்.